ஓடாத வருஷங்களும் வயசுக் கணக்கும்

கல்வெட்டு, ஊர்ப்பெயர், பழைய பத்திரம் என்று எழுதிக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஓட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்து விளையாட்டு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன், நடை மெல்ல ஓட்டமாக மாறிவிட்டது. இப்போது வயது ஐம்பத்திரண்டு. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஓடுகிறேன். இதில் சாதனை எதுவும் இல்லை, ஊருக்குப் பத்து பேர் இப்படி ஓடுகிறார்கள்.

எழுத வேண்டியதாகிவிட்டது வேறொரு காரணத்தால். ஓர் அட்டவணையோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது. நூலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், பதிப்புக்கு எழுதுகிறோம். ஓர் அட்டவணைக்கும் எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் யாரோ சில பேர் சில தரவுகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றை விட்டுவிட்டு எழுதிய பிரதிதானே.

முதலில் அது என்ன அட்டவணை என்று சொல்லிவிடுகிறேன். ஓடுகிறவர்களின் வயதையும் நேரத்தையும் வைத்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. மூத்தோர் தடகளத்துக்காக 1989இல் முதலில் வெளியானது. பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் உலகத்தில் யாராவது ஓடிய மிகச் சிறந்த நேரங்களைத் திரட்டி, அவற்றை ஒட்டி ஒரு வளைகோடு போட்டு, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணி கொடுத்திருக்கிறார்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐம்பது வயது ஆணுக்கு அது ஏறத்தாழ 0.9. அறுபதில் 0.82 பக்கம் வரும். நாம் ஓடிய நேரத்தை அந்தக் காரணியால் பெருக்கினால், வயது பாதிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரத்தில் ஓடியிருப்போம் என்பது கிடைக்கும். அதை உலகச் சாதனை அளவோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் சொல்வார்கள். நூறு என்றால் உலகச் சாதனைக்குச் சமம். தொண்ணூறு உலகத் தரம், எண்பது தேசியத் தரம், எழுபது மாநிலம் மாதிரி, அறுபது உள்ளூர்த் தரம்.

நான் பத்து கிலோமீட்டரை ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் ஓடுகிறேன். போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஐம்பத்தொண்ணு சொச்சம் வந்தது. உள்ளூர்த் தரம்கூட இல்லை. எந்த உள்ளூர் என்று கேட்கலாம்தான். ஆனாலும் பரீட்சை எழுதிப் பழகிய மனசு, அறுபது வாங்கியே தீர வேண்டும் என்று கிளம்பிவிட்டது. வாரத்துக்கு இருபது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் ஒரே மாசத்தில் நாற்பத்தைந்துக்குப் போனேன். போதாததற்கு வாரம் ரெண்டு நாள் வேக ஓட்டம். குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் கால் தரையில் படமுடியாது. மூன்று மாசம் ஓட்டம் இல்லை. அந்த மூன்று மாசத்தில்தான் அட்டவணையை நிதானமாகப் படித்தேன்.

கல்வெட்டு கிடைத்தால் முதலில் என்ன கேட்போம்? யார் வெட்டினது, எப்போது, யாருக்காக. அந்த மூன்றையும் இங்கேயும் கேட்டேன்.

முதல் சிக்கல் வயது என்ற சொல்லிலேயே இருக்கிறது. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து அண்ணன் ஒருத்தர் எங்களோடு ஓடுவார். மூட்டை தூக்குகிற வேலை பார்த்தவர். பயிற்சித் திட்டம், கடிகாரம் எதுவும் கிடையாது. கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டரை ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் ஓடிவிடுவார். போன வருஷம் நடந்த ஒரு போட்டியில் 41 முதல் 59 வரை ஒரு பிரிவு, 60க்கு மேல் ஒரு பிரிவு. அண்ணனுக்கு வயது அறுபது. அவர் அம்மா சொன்ன கணக்கு அது: "இந்திக் கலவரம் நடந்துச்சே, அந்தத் தை மாசம் பொறந்தவன்." அதாவது 1965. ஆதார் அட்டையில் இருப்பதோ 1.6.1967.

எங்கள் தலைமுறைக்கு இது புதுக் கதை இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு முடிஞ்சுது. தலைமையாசிரியர் ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். அண்ணன் மாடு மேய்த்துவிட்டு ஏழு வயசில் போய்ச் சேர்ந்தார், கை காதைத் தாராளமாகவே தொட்டது, தேதி மட்டும் அஞ்சு வயசுக்காரன் தேதி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. டி.சி.யில் எழுதினது ரேஷன் கார்டுக்குப் போய், அங்கிருந்து ஆதாருக்குப் போய், இப்போது ஓட்டப்பந்தயத்துக்கும் வந்துவிட்டது.

அண்ணன் 59க்கு உட்பட்ட பிரிவில் நான்காவதாக வந்தார். பரிசு இல்லை. 60க்கு மேற்பட்ட பிரிவில் முதல் பரிசு வாங்கியவர் அறுபத்தொரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். நடத்தியவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் காகிதம்தான் தெரியும். அட்டவணைப்படி பார்த்தால் ரெண்டு வயசு வித்தியாசம் அண்ணன் கணக்கில் ஒரு சதவீதம் போல வரும். தசம புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை காரணி தருகிற அட்டவணை, கீழே இருக்கிற வயதில் ரெண்டு வருஷம் ஆடுகிறது என்பதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

இது நம்மூர்க் குறை மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங், எண்பத்தொன்பது வயதில் மாரத்தான் ஓட ஆரம்பித்தவர். 2011இல் டொரன்டோவில் நூறு வயதில் மாரத்தானை முடித்தார். கடவுச்சீட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அந்தச் சாதனையை ஏற்கவில்லை. அந்தக் காலத்து ஜலந்தர் கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்? ஆக, இந்த வளைகோடுகளில் புள்ளியாக இடம்பிடிக்கிறவர்கள் யார் என்றால், பிறந்த அன்றே பதிவான தேசத்தார்தான். மற்றவர்கள் ஓடினாலும் கணக்கில் வருவது கஷ்டம்.

ரெண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. காரணி வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போகிறது. நாற்பத்தாறிலிருந்து ஐம்பத்திரண்டுக்குள் ஓட்ட நேரம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் மோசமாகும் என்பது அட்டவணையின் எதிர்பார்ப்பு. என் நோட்டில் இருப்பது வேறு. நாற்பத்தாறில் பத்து கிலோமீட்டருக்கு எழுபத்துநான்கு நிமிஷம், இப்போது ஐம்பத்தெட்டு. வயது ஏற ஏற வேகமும் ஏறியிருக்கிறது. நான் அதிசயப் பிறவி இல்லை. முன்னே ஓடவே இல்லை, அவ்வளவுதான். இருபதிலிருந்து நாற்பத்தாறு வரை நாற்காலி, பஸ், பைக் என்று போன காலம் என் காலில் ஏறியிருந்தது. அதில் கொஞ்சத்தை இறக்கினேன்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்து, ஐம்பது வயதில் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ வயது குறைத்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்திருந்தது அதிகமாகக் குறைத்திருந்தது. பிறகு ஆறு மாசம் பயிற்சி கொடுத்தார்கள். இளவயதில் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பி வந்தார்கள். அன்று பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சத்தை மட்டும் ஒருத்தரும் எட்டவில்லை. ஐந்து பேர்தான், சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஐந்து உடம்பை முப்பது வருஷம் இடைவெளியில் அளந்த ஆய்வு எத்தனை இருக்கும்?

மூப்பு என்று நாம் சொல்வதில் ரெண்டு சரக்கு கலந்திருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஒன்று பிறந்ததிலிருந்து ஓடுகிற வருஷம். இன்னொன்று நாம் ஓடாமல் விட்ட வருஷம். அட்டவணை முதலாவதைத்தான் எண்ணுகிறது. ஏனென்றால் அது சாதனை நேரங்களால் ஆனது. சாதனை செய்கிறவர் பெரும்பாலும் பல வருஷப் பயிற்சியை விடாமல் வைத்திருப்பவர். கனடாக்காரர் எட் விட்லாக் எழுபத்துமூன்று வயதில், 2004இல், மாரத்தானை 2 மணி 54 நிமிஷத்தில் ஓடினார். எண்பத்தைந்தில் நான்கு மணிக்குள் ஓடினார். அவர் போட்ட கோட்டின் மேல் வைத்து என்னை அளந்தால் என்ன தெரியும்? விட்லாக் அல்ல என்று தெரியும். அது எனக்கு முன்னமே தெரியும்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "வயசு வெறும் நம்பர்தான் சார்." மைதானத்தில் தினமும் காதில் விழும் வசனம். சென்னையில் மா. சுப்பிரமணியன் சர்க்கரையை வைத்துக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியதை உதாரணம் காட்டுவார்கள். உண்மையிலேயே நல்ல உதாரணம்தான், என்னைப் போன்ற பல பேரை வீட்டை விட்டு வெளியே இழுத்தது அதுதான். ஆனால் அந்த வசனத்தை நம்பித்தான் என் குதிகால் போனது. அதனால் அதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வசனத்துக்கு ஆதாரமாக ஜெர்மனியில் செய்த பெரிய ஆய்வு ஒன்றைச் சொல்வார்கள். லட்சக்கணக்கானவர்களின் மாரத்தான், அரை மாரத்தான் நேரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வயது வரை பெரிய வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை. 65 முதல் 69 வயதுக்காரர்களில் நான்கில் ஒரு பங்கு, 20 முதல் 54 வயதுக்காரர்களில் பாதிப் பேரைவிட வேகமாக ஓடியிருந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல், ஓட ஆரம்பித்தே ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. சாதாரண ஓட்டக்காரர்களை வைத்துச் செய்தது என்பதால் சாதனை அட்டவணையைவிட இது எனக்கு நெருக்கமானது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னா தம்பி இது, சந்தைக்கு வந்த மாட்ட மட்டும் பாத்துட்டு, ஊர்ல எல்லா மாடும் நல்லா நடக்குதுன்னு சொல்றாப்புல இருக்குது. கால் ஒடிஞ்சது கொட்டாயிலல்ல கட்டிக் கெடக்குது?"

அதுதான் அந்த ஆய்வின் பலவீனம். ஓட்டத்தை முடித்தவர்களின் நேரம்தான் கணக்கில் இருக்கிறது. முழங்கால் தேய்ந்து விட்டவர், நெஞ்சுவலி வந்தவர், வேலையால் விட்டவர் யாரும் அதில் இல்லை. அறுபத்தைந்தில் ஓடிக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே சலித்தெடுத்த மணி. இருபத்தைந்தில் ஓடுகிற கூட்டத்திலோ பந்தயத்துக்காக ஒரு மாசம் ஓடிப் பார்த்தவரும் இருப்பார். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் வயது காணாமல் போனது மாதிரித் தெரியும்.

வயது எங்கேயும் போகவில்லை. இதயம் அதிகபட்சம் துடிக்கிற வேகம் வருஷத்துக்கு ஒரு துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. பயிற்சி அதை நிறுத்துவதில்லை. வேகத்துக்கான தசைநார்கள் முதலில் மெலிகின்றன. காலடி எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை, ஓர் அடியின் நீளம்தான் சுருங்குகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பாடம் சொன்னது வேறு: மூச்சு சில வாரத்திலேயே தேறிவிடுகிறது, குதிநரம்புக்கும் பாதத்து நாருக்கும் மாசக்கணக்கு ஆகிறது. "இன்னும் ஓடலாம்" என்று நெஞ்சு சொல்கிற நாளில்தான் கால் போகிறது. புதிதாக ஆரம்பிக்கிற நடுவயதுக்காரருக்கு ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் பயிற்சி என்னதான் செய்கிறது? போலக் என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தடகள வீரர்களைப் பத்து வருஷம் விட்டு மறுபடி அளந்தார். வேகத்தை விடாமல் போட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களின் ஆக்சிஜன் திறன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்குக் குறைந்திருந்தது. சொகுசாகத் தூரம் ஓடினால் மட்டும் போதாது, இடையிடையே வேகமும் வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் இருபதாவது வருஷம் பார்த்தபோது எல்லாருக்குமே குறைந்திருந்தது. விட்டவர்களுக்கு மிக அதிகம். பயிற்சி வயதைத் தள்ளிப்போடுகிறது, தடுப்பதில்லை. விவசாயத்தில் கடனைப் புதுப்பிக்கிற மாதிரி.

மூன்றாவது சிக்கலைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. அட்டவணையில் பெண்களுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. பழைய சாதனைப் பட்டியல்களில் வயதான பெண்களின் நேரம் ஆண்களைவிடச் செங்குத்தாகச் சரியும். பெண் உடம்பு சீக்கிரம் தளர்கிறது என்று அதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், பெண்களுக்கு அது ஆகாது என்று எடுத்துவிட்டார்கள், 1960இல்தான் திரும்ப வந்தது. பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் முறையாக ஓடலாம் என்று ஆனது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல். ஓட விடாமல் வைத்திருந்த தலைமுறையின் நேரத்தை எடுத்து உடம்பின் மேல் பழி போட்டால் எப்படி? பின்னால் பெண்கள் ஏராளமாக ஓட வந்ததும் வயதுச் சாதனைகள் மளமளவென்று மாறின. காரணிகளையும் திருத்த வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும்போது என் தங்கச்சி ஞாபகம் வந்தது. திண்டிவனத்தில் படிக்கிற காலத்தில் 200 மீட்டரில் மாவட்ட அளவுக்குப் போனவள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனது. "வயசுக்கு வந்த பொண்ணு, மைதானத்துல தொங்கு தொங்குன்னு ஓடினா நல்லாவா இருக்குது" என்று பாட்டி சொன்னாள். அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்குப் பதினெட்டு வயது, பேசியிருக்கலாம். ஓடுகிற வயதுக்கு வந்தபோது அந்த வயதைச் சொல்லியே நிறுத்தினோம். இப்போது நாற்பத்தெட்டு. சர்க்கரை எனக்கு வந்த ரெண்டு வருஷத்தில் அவளுக்கும் வந்தது. அவளுடைய வேகத்தை அட்டவணையில் போட்டால், நாற்பத்தெட்டு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவுதான் என்று ஒரு சதவீதம் வரும். பதினாலு வயதிலிருந்து இன்றுவரை விட்டுப்போன முப்பத்துநான்கு வருஷத்துக்கு அதில் பத்தி கிடையாது.

அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உலகின் முதல்தர மூத்த வீரர்களை ஒப்பிட அது நல்ல கருவி. விடாமல் இருபது வருஷம் ஓடியவர் தன் இறக்கம் இயல்பானதா, ஏதாவது கோளாறா என்று பார்க்கவும் உதவும். சாதாரணமாக ஓடுகிற நமக்கு, நடுவயதில் ஆரம்பித்த நமக்கு, அது தருகிற சதவீதம் உடம்பையும் வயதையும் பற்றிச் சொல்வதைவிட வாழ்க்கை எப்படிப் போனது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. நாற்காலி வேலை, பாட்டியின் பேச்சு, ஏழு வயசில் கிடைத்த பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே எண்ணில் அடைந்து கிடக்கிறது. அதைப் பிரிக்காமல் மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டால் ஒன்று மனசு உடையும், இல்லை குதிகால் உடையும்.

என் நோட்டில் இப்போது மூன்று பத்தி போட்டிருக்கிறேன். ஓட ஆரம்பித்து எத்தனை வருஷம், கடைசி ஒரு வருஷத்தில் ஓடாமல் விட்ட வாரம் எத்தனை, போன வருஷம் இதே மாசத்தில் இதே தூரத்துக்கு எவ்வளவு நேரம். மாசம் முக்கியம். மே மாசத்து விழுப்புரத்தில் விடியற்காலையிலேயே வியர்த்து ஊற்றும், அந்த நேரத்தை மார்கழி நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. வயதுக்குப் பத்தி போடவில்லை. என் டி.சி.யிலும் ஜூன் மாசத் தேதிதான் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு மாரத்தான். "ஒருநாள் ஓடியே வந்துடலாமா?" என்று அண்ணனிடம் விளையாட்டாகக் கேட்டேன். "வரலாம். அவசரம் இல்லாம வரலாம். விக்கிரவாண்டில டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார். ரெண்டு மாசமாகத் தங்கச்சியும் மைதானத்துக்கு வருகிறாள். புடவைதான், கீழே ஷூ. மூன்று சுற்று நடக்கிறாள். நேற்று நாலாவது சுற்றில் வளைவு முடிந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் ஓடினாள். கடிகாரத்தை அமுக்கலாமா என்று நினைத்தேன். அமுக்கவில்லை.